தேய்த்து வைத்த அங்கி

அரசுத் தரப்புக்கு,

இல்லை, நான் உன் கறுப்பு அங்கியைத் தேய்த்து மாட்டியதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. அது கசங்கியிருந்தது. அவ்வளவுதான்.

உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பைத் தட்டச்சு செய்பவளும் அரசுக்காக வாதாடுபவனும் ஒரே வீட்டில் இருந்தால், வழக்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று நாம்தான் முடிவு செய்தோம். நான் திறக்கவில்லை. ஆனால் நான் போடும் காபியில் நீ தீர்ப்பைப் படிக்கிறாய். சர்க்கரை கூடினால் அரசின் சட்டம் செல்லும், குறைந்தால் செல்லாது.

நேற்று பால்கனியில் நீ அமைச்சரிடம் பேசியது சமையலறை வரை கேட்டது.

"கவலைய விடுங்க சார், நமக்குத்தான். வீட்டுல அங்கிய தேய்ச்சே வச்சுட்டாங்க."

இன்று காலை நீதிபதி அம்மாவின் மேசைக்கு அமைச்சரின் பூங்கொத்து வந்தது. கூடவே 'நன்றி' என்று ஒரு அட்டை. அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"எதுக்கும்மா நன்றி? நான் இன்னும் கையெழுத்தே போடலையே."

பூ திரும்பிப் போய்விட்டது. என் வேலை இன்னும் போகவில்லை. ஆனால் நாளை தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும், அது நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியிலிருந்து வந்ததாகத்தான் ஊர் பேசும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்றே அமைச்சரைக் கூப்பிட்டு, உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல். அது உண்மைதான் என்பதால் உனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

அங்கியை மறுபடி கசக்கிவிடலாமா என்று யோசித்தேன். அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பாய்.

இப்படிக்கு,
உனக்குக் காபி போடுவதை நிறுத்திவிட்டவள்

பி.கு.: மாடி வீட்டில் இருக்கும் எதிர்த்தரப்பு வக்கீலிடம் போய், அவருடைய அங்கியையும் வாங்கி வந்து தேய்த்து, உன் அங்கிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.