புது உறையில் பழைய லென்ஸ்

கீர்த்தியின் அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வீக்கம் வற்றியதா? போனில் பேசினால் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நான் நலம். எண்ணூர்ப் புழுக்கத்தில் கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.

எங்கள் கேமரா கம்பெனியை ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கிவிட்டது. மூன்று வருடமாக நாங்கள் சோதித்துவந்த புதிய லென்ஸை நிறுத்திவிட்டார்கள். பழைய லென்ஸையே புது உறையில் போட்டுப் புதியது என்று விற்கப்போகிறார்களாம். கடலுக்குப் போகிறவர் படகின் அடிப்பலகையைப் பார்ப்பார்; விற்பதற்கென்றே படகு வாங்கியவர் பெயிண்ட் மட்டும் அடிப்பார். அப்படித்தான் இதுவும்.

நேற்று அந்தப் புது உறை லென்ஸால் கம்பெனி மாடியிலிருந்து வள்ளூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் படமெடுத்துப் பார்த்தேன். நடுவில் தெளிவு, ஓரமெல்லாம் மங்கல். மேலாளர் சோதனை அறிக்கையில் ‘தேர்ச்சி’ என்று கையெழுத்துப் போடச் சொன்னார்.

பக்கத்து மேசை செங்கொடி, “இன்னா டீச்சரம்மா, போட்டுட்டு வூட்டுக்குக் கெளம்பு. லென்ஸா வந்து அழுவப் போவுது?” என்றாள்.

“வாங்குறவன் அழுவான்டி” என்றேன்.

பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தபோது பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை முப்பத்துநான்கை முப்பத்தைந்தாக்கியிருக்கிறேன். அவர்கள் அடுத்த வருடம் படித்துத் தேறிவிடுவார்கள். லென்ஸ் தேறாது. ‘தோல்வி’ என்றே எழுதிக் கொடுத்தேன். வேலை இருக்குமா என்பது திங்கட்கிழமை தெரியும். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் கூரியரில் அனுப்புங்கள். தனியாக உட்கார்ந்தால் தயிர்ச்சோறுகூட இறங்குவதில்லை. சின்ன பாட்டில் போதும். காலியாவதற்குள் நானே வந்துவிடலாம்.

கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது.

நீலா