சுண்டுவிரல் நீள ஒயர்

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். வெளிநாடு போய் நீ இளைத்துவிட்டாய் என்று போட்டோவைப் பார்த்தாலே தெரிகிறது, மறுக்க வேண்டாம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன்னிடம் ஒன்று கேட்டால் நாலு ஜோக் அடித்துவிட்டு வைத்துவிடுகிறாய். காகிதத்தில் அந்தப் பாச்சா பலிக்காது.

தையல் ஃபாக்டரியை மூடியதும் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்தேன் என்றதற்கு விழுந்து விழுந்து சிரித்தாயே, ஐந்து மாதம் ஓடிவிட்டது. வகுப்பில் இருபத்திரண்டு பேர். நாற்பத்தொரு வயது எனக்கு மட்டும்தான். முதல் நாள் பிள்ளைகள் என்னை டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். இப்போது எல்லோருக்கும் நான் அக்கா. மாஸ்டரே வாய்தவறி இரண்டு முறை அக்கா என்றுவிட்டார்.

ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு கொடுத்திருக்கிறார்கள். எந்த லைனில் வேலையோ அந்த பிரேக்கர் சுவிட்சை அணைத்து, நம் பூட்டைப் போட்டு, நம் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டியவர்தான் திறக்கலாம். மாஸ்டர் கேட்டாலும் சாவி தரக் கூடாது. எனக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த வீட்டில் எனக்கென்று ஒரு பீரோ சாவிகூட இருந்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அவரவர் வீட்டு ஒயரிங்கைப் படம் வரைந்து, எர்த் அளவும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். நம் வீட்டு ஒயரிங் முழுக்க நீ போட்டது. எர்த் குழி எங்கே இருக்கிறது? அங்கிருந்து அடுப்படிக்கு ஒயர் எந்த வழியாக வருகிறது? கசிகிற கரண்ட் ஆள்மேல் பாயாமல் மண்ணுக்குப் போக அதுதான் வழி என்று உனக்கே பாடம் எடுக்கிறேன் பார். அத்தான் பஸ் டூட்டியில் இருக்கிறார், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் அக்கா

ஜூன் 27

எலக்ட்ரீஷியன் மேடம் அவர்களுக்கு,

பயந்துகொண்டே எழுதுகிறேன். இனி ஊருக்கு வந்தால் ஃபேன் சுவிட்சைத் தொடவும் உன் அனுமதி வேண்டும்போல.

எர்த் குழி பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு இடதுபுறம். மூடி தெரியாவிட்டால் மண்ணைத் தள்ளிப் பார். அடுப்படிக்கு ஒயர் சுவருக்குள் பைப் வழியாக வருகிறது. சாக்கெட்டையெல்லாம் கழற்றிக்கொண்டிருக்காதே, பெயிண்ட் உதிரும். கல்லூரியில் பிளக் டெஸ்டர் இருக்கும். அதைச் செருகினால் இரண்டு மஞ்சள் விளக்கு எரியும். எரிந்தால் எல்லாம் சரி, படம் வரைந்து நூறு மார்க் வாங்கிக்கொள்.

என் சமாச்சாரம்: சூப்பர்வைசர் ஆக்கப்போகிறார்கள். என் கீழே பன்னிரண்டு பேர். டிசம்பரோடு கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிடுகிறேன். நம் தெருமுனையில் கடை போடலாம் என்று இருக்கிறேன். போர்டுகூட மனதுக்குள் எழுதிவிட்டேன், அதில் என் பெயர் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. உன்னை அசிஸ்டெண்டாகச் சேர்த்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கிறேன். மருமகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது.

உன் தம்பி

ஜூலை 11

அன்புள்ள தம்பிக்கு,

சாக்கெட்டைக் கழற்றினேன். பெயிண்ட் உதிரவில்லை. முறைப்படிதான் செய்தேன். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்தேன், பிறகு அணைத்த லைனில், பிறகு மறுபடி கரண்ட் உள்ள இடத்தில். நடுவில் டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால் உயிருள்ள லைனும் செத்த லைனாகத்தானே காட்டும்.

உள்ளே எர்த் ஒயரே இல்லை. கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் ஒயர் முறுக்கியிருந்தது. பிளக் டெஸ்டரைச் செருகினால் நீ சொன்னபடியே இரண்டு மஞ்சள் விளக்கும் எரிகிறது. அந்த டெஸ்டரை ஏமாற்ற மட்டும் போட்ட ஒயர் அது. அடுப்படியில் மூன்று சாக்கெட், மூன்றிலும் இதே கதை.

யார் வீடு என்று சொல்லாமல் மாஸ்டரிடம் கேட்டேன். வெளியே கம்பத்தில் நியூட்ரல் விட்டுப்போனால், அந்தத் துண்டு ஒயர் வழியாக வாஷிங் மெஷின் உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறும் என்றார். மூன்று வருடம் முன்பு, நீ போன பிறகு, ஒரு வாரம் விளக்கெல்லாம் மங்கி மங்கி எரிந்தது. அந்த வாரம்தான் உன் மருமகள் அடுப்படியில் மெஷினிலிருந்து துணி எடுக்கப் போய், “மெஷின் கடிக்குதும்மா” என்றாள். வேலைக்கு டிமிக்கி கொடுக்கப் பொய் சொல்கிறாள் என்று நான் ஓர் அறை விட்டேன். மறுநாளும் சொன்னாள். மறுநாளும் அடித்தேன். பிறகு லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறி ஒயரை இறுக்கினார், விளக்கு சரியாயிற்று, அவளும் சொல்வதை நிறுத்திவிட்டாள். என் அடிக்குப் பயந்து நிறுத்தினாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன்.

அடுப்படி பிரேக்கரை அணைத்துவிட்டேன். நீ கெடுதல் நினைத்துச் செய்திருக்கமாட்டாய். ஆனால் தெரிந்தே செய்திருக்கிறாய். ஏன்? இன்னும் யார் யார் வீட்டில் இப்படி இருக்கிறது?

அக்கா

ஜூலை 30

அக்கா,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

அடுப்படிக்குப் போகிற பைப்பில் சிமெண்ட் இறங்கி அடைத்திருந்தது. ஒயர் ஏறவில்லை. சுவரை வெட்டினால்தான் முடியும். நீ அன்று காலைதான் பெயிண்ட் வேலை முடித்துவிட்டு, “செவுத்துல கைய வெச்சே, கைய ஒடிச்சிருவேன்” என்று வாசலில் நின்றாய். எனக்கு நாலு நாளில் ஃபிளைட். ஒயரிங்கைச் சோதிக்க வரும் மின்வாரிய இன்ஸ்பெக்டர் பிளக் டெஸ்டர் மட்டும்தான் செருகிப் பார்ப்பார் என்று தெரியும். லீவில் வந்து சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் லீவில் மறந்துவிட்டேன். இரண்டாவது லீவில் நினைவு இருந்தது, உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

உன்மேல் பழி போடவில்லை. பெயிண்டைவிட நீ முக்கியம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருமகளை நீ அடித்த அடி எனக்கு விழ வேண்டியது.

ஆனால் உன் வீடு மட்டும்தான் அக்கா. சத்தியமாக வேறு எங்கும் இல்லை.

தம்பி

ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

நம் தெருமுனை டெய்லரம்மாவை உனக்குத் தெரியும். அயர்ன் பாக்ஸ் சாக்கெட் கருகுகிறது, வந்து பார் என்று கூப்பிட்டார்கள். எனக்கு இன்னும் சர்டிபிகேட் இல்லை, அதனால் மாஸ்டரையும் கூட்டிப் போனேன். கழற்றினேன். அதே மஞ்சள் ஒயர், அதே சுண்டுவிரல் நீளம். முறுக்கு இடதுபக்கமாகச் சுற்றியிருந்தது. உன்னைப் போல இடதுகைக்காரன் முறுக்கு.

யார் போட்ட ஒயரிங் என்று மாஸ்டர் கேட்டார். டெய்லரம்மா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, தெரியவில்லை சார் என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் குத்துகிறது. அவர் மாவு அரைப்பதும் அந்த சாக்கெட்டில்தான்.

நீ சத்தியம் செய்தாய், நான் அதற்கு மேல் ஒரு பொய்யை அடுக்கிவிட்டு வந்தேன். இனி முடியாது. எந்தெந்த வீடு என்று பட்டியல் அனுப்பு. சௌக்கியமா, சாப்பிட்டாயா எல்லாம் அதற்கு அப்புறம்.

அக்கா

செப்டம்பர் 2

அக்கா,

கிளம்புவதற்கு முன் அந்தக் கடைசி மாதத்தில் அவசர அவசரமாக முடித்துக்கொடுத்த வீடுகள். டெய்லரம்மா. அடுத்த மாடியில் ரிட்டையர்டு தபால்காரர். எதிர்ச் சாரியில் இரட்டைக் குழந்தைகள் வீடு, அவர்கள் அப்போது பிறந்திருக்கவில்லை. ரொட்டிக் கடைக்குப் பின்னால் நர்ஸ் வீடு, அடுப்படி மட்டும். பஸ் டெப்போ கிளார்க் வீட்டில் குளியலறை ஹீட்டர் லைன், முதலில் அங்கே போ. பைப் ரிப்பேர்க்காரர். அப்புறம் நீ. மொத்தம் ஏழு. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்து எழுதினேன். வேறு இல்லை. இந்த முறை சத்தியம் செய்யமாட்டேன், நீயே பார்த்துக்கொள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் பெயரைச் சொல்லாதே. பழைய ஒயரிங், கல்லூரியில் இலவசமாகப் பார்த்துத் தருகிறார்கள் என்று சொல். அந்தத் தெருவில்தானே நான் கடை போட இருந்தேன். இப்போது போர்டாவது கடையாவது. இன்னும் இரண்டு வருடம் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று கம்பெனியில் சொல்லப்போகிறேன். எந்த முகத்தோடு அங்கே வந்து நிற்பது?

இங்கே என் ஆட்களில் ஒருத்தன் நேற்று இதே மாதிரி துண்டு ஒயர் போட்டிருந்தான். பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்தினேன். அவன் பயந்துபோய் நின்றான். எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

தம்பி

அக்டோபர் 5

அன்புள்ள தம்பிக்கு,

பட்டியல் சரியாக இருந்தது. கிளார்க் வீட்டுக்குத்தான் முதலில் போனோம். மாஸ்டரும் நானும் வகுப்புப் பெண்கள் இரண்டு பேரும். நாலு ஞாயிற்றுக்கிழமையில் ஆறு வீடும் முடிந்தது. துண்டு ஒயரைப் பிடுங்கி, சுவரை வெட்டி, எர்த் இழுத்து, அளவெடுத்துக் கொடுத்தோம். எனக்குச் சுவர் வெட்ட நன்றாகவே வருகிறது.

உன் பெயரைச் சொன்னேன். எல்லா வீட்டிலும், வாசலிலேயே, என் தம்பி செய்த தப்பு என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். மாஸ்டரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள், பரவாயில்லை. பெயர் சொல்லாமல் போனால் அவர்கள் என்னை நம்பி ஏன் சுவரை வெட்டவிட வேண்டும்? தபால்காரர் கதவைச் சாத்திவிட்டார், இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். நர்ஸ் நன்றாகத் திட்டினார், எனக்கு வாங்கிக்கட்டிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. இரட்டைக் குழந்தைகளின் அம்மா குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அது திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது. டெய்லரம்மாவிடம் அன்று பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். எல்லாம் முடிந்து கிளம்பும்போது அவர் கேட்டது இது: “பட்டியல யாரு குடுத்தா?” நீதான் என்றேன். “அப்ப வரச் சொல்லு” என்றார்.

உன் மருமகளிடமும் மன்னிப்புக் கேட்டேன். அந்த இரண்டு அடிக்கும். “நான் அப்பவே சொன்னேன்ல” என்றாள். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து வந்து மடியில் தலையை வைத்துக்கொண்டாள். பதினான்கு வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் செய்ததே இல்லை.

ஏழாவது வீட்டை நான் தொடவில்லை. அடுப்படி பிரேக்கரில் பூட்டுப் போட்டிருக்கிறேன். கல்லூரிப் பூட்டு இல்லை, கடையில் வாங்கியது. அட்டையில் உன் பெயரை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். வேலை செய்கிறவன் நீதான் என்றால் பூட்டும் உன்னுடையதுதானே. சுவரில் எங்கே வெட்ட வேண்டும் என்று கரித்துண்டால் கோடு போட்டுவைத்திருக்கிறேன். பெயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

கடைக்காரர் இரண்டு சாவி கொடுத்தார். ஒன்றைச் சுத்தியலால் நசுக்கிவிட்டேன். மற்றது இந்தக் கவருக்குள் இருக்கிறது. அத்தான் பூட்டை உடைக்கட்டுமா என்று கேட்டார், பூட்டியவர்தான் திறக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலையிலிருந்து துணியைக் கையால்தான் துவைக்கிறேன். தோள் வலிக்கிறது, சீக்கிரம் வா.

உன் அக்கா