சூரைமுள்ளுக்குள் சாமி

ஜேடர்பாளையம்,
ஆடி மாதம், செவ்வாய் இரவு.

மேட்டூர் அணை வேலையில் இருக்கும் அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை மயிலம்மாள் வணங்கி எழுதுவது. உங்கள் உடம்பு நலம்தானே? இங்கே எல்லாரும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பாவும் அம்மாவும் தூங்கியபின் விளக்குத் திரியை இறக்கிவைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சோளம் விளையும் நம் மேட்டுக்காட்டு மூலையில் நீங்களும் நானும் வைத்த செடிகள் பெரும் புதராகிவிட்டன. வெளியூர்ச் செடி வேண்டாம், நம் ஊர்க் கரட்டுமேட்டில் குருவிகள் எதைத் தேடிப் போகின்றனவோ அதையே வைப்போம் என்றீர்களே. கொண்டைக்குருவிக்குச் சூரைமுள், தேன்சிட்டுக்கு ஆடாதோடை, மேலே படரக் கோவை. நீங்கள் சொன்ன குருவிகளெல்லாம் வந்தன அண்ணா. பக்கத்து ஆமணக்கில் கரிச்சானும் மைனாவும் புழு பொறுக்குகின்றன. சூரைக்குள் இப்போது குஞ்சுகள் இருக்கின்றன.

நீங்கள் அப்பாவோடு கோபித்துக்கொண்டு போனதிலிருந்து அந்த மூலையைப் பார்த்தாலே அப்பா எரிந்து விழுகிறார். "சோளந் திங்கற குருவிக்கு ஊடு கட்டிக் குடுத்துப்போட்டுப் போயிட்டான்" என்று சொல்லி, போன வாரம் பண்ணையாள் சின்னானை வெட்டச் சொன்னார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆற்றிலிருந்து ஏழு கற்கள் எடுத்துவந்து, மஞ்சள் பூசிச் சூரையடியில் வைத்துவிட்டேன். சின்னான் கண்டதும் அரிவாளைப் போட்டுவிட்டு, கன்னிமார் சாமி ஏழு பேரும் இருக்கிறார்கள் என்று கும்பிட்டான். அப்பாவும் செருப்பைக் கழற்றினார். குஞ்சுகள் பிழைத்தன என்று நினைத்தேன்.

பூசாரியைக் கேட்டுவிட்டு வந்த அப்பா, "சாமிய முள்ளுக்குள்ளயா உட்டு வெக்கிறது?" என்கிறார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை புதரை அடியோடு வெட்டி, அங்கே மேடை கட்டப்போகிறார்களாம்.

உண்மையைச் சொன்னால் சாட்டையடி விழும். பள்ளிக்கூடமும் நின்றுபோகும். அதற்கும் துணிந்து, அம்மாவிடமாவது சொல்லிவிடலாம் என்று இன்று சாயங்காலம் காட்டுக்குப் போனேன். அம்மா அந்தக் கற்களின் முன் விழுந்து கிடந்தாள். "எம் பையன் ஊடு வந்து சேந்தாப் போதுந் தாயே, பொங்க வெக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நாளை மேட்டூருக்கு வண்டி பூட்டும் ராசப்பன் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்துவிடுங்கள் அண்ணா. அப்பாவிடம் எதுவும் பேச வேண்டாம், வந்து வாசலில் நின்றால் போதும். முள்ளுக்குள் இருந்தே கேட்டதைக் கொடுத்த சாமி, அதை அசைக்கக் கூடாது என்று அம்மாவே குறுக்கே நிற்பாள். கல் வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியவே வேண்டாம்.

உங்கள் வரவுக்காக விழித்திருக்கும்
மயிலம்மாள்