இடது பக்கத்துப் பால்

ஆவணி 5, சனி

சாரல், மேல்காற்று. பிள்ளைத் துணி பதினொன்று துவைத்து ஒன்றுகூடக் காயவில்லை. அடுப்பங்கரையில் கயிறு கட்டிப் போட்டேன். எல்லாவற்றிலும் புகை வாசம்.

பால் கொடுத்தது (இ. இடது, வ. வலது):
விடியல் – இ.
காலைக் கஞ்சிக்கு முன் – வ. வைத்ததும் துப்பினான். பிறகு இ.
உச்சி – இ.
விளக்கு வைக்கும்போது – வ. ஒரே கத்தல். மறுபடி இ.

முதல் மாதம் வ. காம்பு வெடித்துப் புண். வலி தாங்காமல் இ. மட்டுமே கொடுத்தேன். பயலுக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. மூன்று மாதத்தில் இ. தேங்காய், வ. எலுமிச்சை. ரவிக்கையில் இ. பக்கம் தையலைப் பிரித்துவிட்டு, வ. பக்கம் பழந்துணி மடித்து வைத்திருக்கிறேன். புதிதாகத் தைக்க ரேஷன் துணிக் கூப்பன் இல்லை.

நாத்தனார் பேச்சிக்கு வாய் அடங்காது. "மதினி, ஒரு பக்கம் என்னைய மாதிரி, ஒரு பக்கம் எங்காத்தா மாதிரி!" சிரித்தேன். பிறகு எரிச்சல்.

மாமியார்: "எங்க காலத்துல ரவிக்கையா போட்டோம்? முந்தானைக்குள்ள எது பெருசு, எது சிறுசுன்னு எவ கண்டா?"

வெள்ளிக்கிழமை பேச்சிக்குப் பரிசம். சுருளிப்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வருவார்கள். அத்தனை கண்களுக்கும் நடுவே தாம்பாளம் தூக்க வேண்டியவள் நான்.

ஆவணி 7, திங்கள்

பூக்காரி மல்லிகை கொண்டுவந்தாள். பயல் பிறந்ததிலிருந்து என் தலையில் பூ இல்லை. கை நீட்டினேன். மாமியார் தட்டிவிட்டார். "பிள்ளைக்காரி மல்லிய வைக்கக் கூடாதுத்தா. பால் சுண்டிப் போகும்."

அவரிடமிருந்து கார்டு. மலை மேல் ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து வெள்ளி காலை இறங்குகிறார். போன தடவை வந்தபோது பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "வைத்தியர்கிட்டக் காட்டணுமோ?" என்றார். இது நோயா? அவமானமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பால் சுண்டிப் போகும். இ. மட்டும் கொஞ்சம் சுண்டினால்?

ஆவணி 8, செவ்வாய்

செய்துவிட்டேன். பேச்சியிடம் கேட்டு ஒரு கை உதிரிப் பூ. இ. மேல் பரப்பி, துணியால் இறுக்கிக் கட்டியாயிற்று. கட்டிய இடம் மாட்டுக்கொட்டம். இந்த வீட்டில் நான் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான்.

பயலுக்கு இனி வ. மட்டும். ஊரைக் கூட்டினான்.

மாமியார் மூக்கை உறிஞ்சினார். "வீடே மணக்குது. வயசுப் பிள்ளைக்கு இம்புட்டுப் பூவா?" திட்டு பேச்சிக்கு. அவள் என்னைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. அதிசயம்.

ஆவணி 10, வியாழன்

பூ மாற்றியது இரண்டு முறை. இ. தளர்ந்துவிட்டது. ரவிக்கை முடிச்சு சிரமமில்லாமல் விழுகிறது. கண்ணாடியில் முன்னால் பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன். சமம் இல்லை, கிட்டத்தட்ட. சந்தோஷம் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் சந்தோஷம்தான்.

பயல் நனைத்த துணி இன்று நான்குதான்.

ஆவணி 11, வெள்ளி

பரிசம். தாம்பாளம் தூக்கினேன். ஒருத்தியும் என் மார்பைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தார், முகத்தைத் திருப்பவில்லை.

உள்ளே பயலின் அழுகை. குரல் கம்மிப்போயிருந்தது. பேச்சி தூக்கிவந்து மடியில் போட்டாள். சுருளிப்பட்டிக்காரி ஒருத்தி, "பிள்ளைக்குப் பசி போல இருக்கே, பாலக் குடும்மா" என்றாள். திரும்பி உட்கார்ந்து, பூக்கட்டைக் கொஞ்சம் விலக்கி, அவனுக்குப் பழகிய இ. கொடுத்தேன். சப்பினான். விட்டான். என் முகத்தைப் பார்த்துக் கத்தினான். ஒரு சொட்டு இல்லை.

மாமியார் என்னை உள்ளே இழுத்துப் போய் முடிச்சை அவிழ்த்தார். பழுத்துப்போன பூ தரையில் கொட்டியது. அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "பிள்ளையப் பறிகொடுத்தவளுக்குக் கட்டுற பூவுடி இது." அவ்வளவுதான். வெளியே போய், "வயித்துப் பொருமலு, வேற ஒண்ணுமில்ல. நீங்க சாப்பிடுங்க" என்று சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார்.

ஆவணி 14, திங்கள்

அவர் தோட்டத்துக்குப் போயாயிற்று. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

எனக்குப் பால் ஊற மூன்று வேளையும்: வெள்ளைப் பூண்டு, முருங்கைக் கீரை, சுறாக் கருவாடு.
பயலுக்கு: வ. கிடைக்கிற கொஞ்சம். மற்றபடி வெள்ளாட்டுப் பால், சங்கில். கக்கிவிட்டான்.

தொடை மடிப்பு குறைந்திருக்கிறது. மாமியார் நாழிகைக்கு ஒரு தரம் அவனைத் தூக்கிவந்து இ. பக்கம் போடுகிறார். எதிரே உட்கார்ந்து பார்க்கிறார். கொல்லைக்குப் போனாலும் பின்னாலேயே வருகிறார். மாட்டுக்கொட்டத்துத் தாழ்ப்பாளைக் காணோம், பிடுங்கியாயிற்று. எதைக் கேட்க எனக்கு வாய் இருக்கிறது?

பேச்சி காதோடு: "மதினி, பூவ நாந்தான் குடுத்தேன்னு சொல்லிரவா?" வேண்டாம் என்றேன்.

இவனுக்கு ஏதாவது என்று ஒரு நினைப்பு ஆரம்பிக்கிறது. முடிக்க விடுவதில்லை.

ஆவணி 17, வியாழன்

சாரல் விட்டிருக்கிறது. விடியலில் இ. ஊசி குத்துவது போல இருந்தது. பிறகு பால் இறங்கியது. பயல் திணறி, இருமி, மறுபடி பிடித்தான். மடக் மடக் என்று சத்தம். அழுதேன். மாமியாரும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு சொன்னார்: "இனி பால் மறக்கடிக்கிற வரைக்கும் என் கண்ணு முன்னாடிதான் குடுக்கணும். கோயிலு, ஆத்தா வீடு, எங்கயும் கெடையாது. இங்கனயே கெட."

அது எத்தனை நாள்? ஒரு வருஷமா, இரண்டா? கேட்க வாயெடுத்தேன். அசைந்தால் விட்டுவிடுவானோ என்று அப்படியே இருந்தேன்.