துணியை முகர்ந்து பார்த்தவளுக்கு

எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. எழுதியது எதையும் நீ நம்ப மாட்டாய் என்று எனக்குத் தெரியும். "எழுதறதுக்கு இன்னா, கை இருந்தா எழுதலாம்" என்று என் பதிவேட்டைத் தள்ளி வைத்தவள் நீ. ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வாயால் கேட்க எனக்கு வராது. கடைசியில் கேட்கிறேன்.

நேற்று மலையிலிருந்து இறங்கி வந்து பையைத் திறந்தேன். ஒரு வாடை வந்தது. என் துண்டோடு உன் மகனின் துணி ஒன்றும் சேர்ந்து வந்துவிட்டிருந்தது. உன் பழைய நீலப் புடவையில் கிழித்தது. காய்ந்துபோன துணிதான், ஆனாலும் முகர்ந்தபோது மூத்திர நெடி மூக்கில் ஏறியது. நடுவில் கருமஞ்சளாக ஒரு கறை. வயிறு நிறையக் குடிக்கிற பிள்ளையின் துணியில் இவ்வளவு நெடி இருக்காது, கறையும் இப்படிப் பிடிக்காது. நீ போய் இருபது நாள் ஆகிறது. உன் நாலு மாதப் பிள்ளைக்குப் பால் போதவில்லை. போதுகிறது என்று உன் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை.

நான் அப்படியே நம்புகிறவளாகத்தான் இருந்தேன். சங்கராபுரத்தில் ஒரு மண்டபத்து மாடியில் நாம் பயிற்சிக்கு உட்கார்ந்தது நினைவிருக்கிறதா? வெள்ளம், நிலச்சரிவு என்று வந்தால் முகாம்களில் கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மாருக்குப் பால் கொடுக்க உதவுவதற்காகப் பெண்களைத் தயார் செய்தார்கள். ஆளுக்கொரு துணிப் பொம்மை. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான், கல்யாணம் ஆகாதவள். மார்பு என்ற சொல்லையே குனிந்துகொண்டுதான் எழுதினேன். பக்கத்தில் நீ, வெள்ளிமலை பஸ்ஸில் இறங்கி நேராக வந்தவள், பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "இது ஏன் சிரிச்சிக்கினே கீது? பசிச்ச புள்ள சிரிக்குமா?" என்றாய்.

பால் போதுமா என்று மார்பைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஒரு நாளில் ஆறு துணியாவது நனைகிறதா என்று பாருங்கள் என்று பயிற்சி கொடுத்த அம்மா சொன்னார். எல்லோரும் எழுதிக்கொண்டோம். நீ எழுதவில்லை. "ஏங்க, வெறும் தண்ணி ஊத்தினாலும் நனையுமேங்க?" என்று கேட்டாய். அவர், "அதையும் தாய்கிட்ட கேட்டுக்கணும்" என்றார். நீ என் காதருகே குனிந்தாய். "கேட்டா சொல்லிடுவாங்களா?" நீ என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

அந்தக் கார்த்திகையில் பெண்ணையாறு கரை தாண்டியது. மணலூர்பேட்டைப் பக்கம் தாழ்வான தெருக்காரர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். நம்மை அங்கே அனுப்பினார்கள். வகுப்பறை மூலையில் ஐம்பது நாள் பிள்ளையோடு ஒருத்தி இருந்தாள். என்னைக் கண்டதும் மாராப்பை இழுத்து மூடிக்கொண்டாள். "புள்ள பெக்காத பொண்ணு வந்து நமக்குச் சொல்லித் தரப் போவுது" என்று அவள் பக்கத்தில் இருந்தவள் சொன்னது எனக்குக் கேட்டது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த கயிற்றில் ஏழு துணி தொங்கியது. ஏழும் ஈரம். 'பால் போதுகிறது' என்று எழுதினேன்.

நீ அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னை முறைத்தாய்.

"காலேஜு, மூணு நாளா மழை. இந்தப் பள்ளிக்கூடத்துல எந்தத் துணி காஞ்சி கீது? உன் துப்பட்டாவும் ஈரந்தான். அதையும் சேத்து எட்டுன்னு எழுதிக்கோ."

பிறகு கயிற்றருகே போய் ஒவ்வொரு துணியாக எடுத்து முகர்ந்தாய். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீ பொருட்படுத்தவில்லை. "இது ஆத்துச் சேறு. இதுவும் சேறு. இது சோப்பு." ஏழில் ஒன்றில்கூடப் பிள்ளையின் வாடை இல்லை. தாயின் மடியில் கிடந்த பிள்ளையின் துணிக்குள் விரலை விட்டுப் பார்த்தாய். காய்ந்திருந்தது. பிள்ளை அழவும் இல்லை. அழாமல் கிடந்ததை நல்ல அறிகுறி என்று நினைத்தவள் நான்.

அவள் கழுத்தளவு தண்ணீரில் நடந்து வந்தவள். நனைந்த உடம்பின் பால் குளிர்ந்துவிடும், பிள்ளைக்கு ஜன்னி வந்துவிடும் என்று முந்தின நாளிலிருந்து சர்க்கரைத் தண்ணீர்தான் கொடுத்திருக்கிறாள். இதை நீ நாலு கேள்வி சுற்றிக் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"ஆத்துத் தண்ணி உன் வூட்டுக்குள்ளதானே பூந்துச்சு? மாருக்குள்ளயுமா பூந்துச்சு?" என்றாய்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலர்ந்த புடவை ஒன்றை யாரிடமோ பிடுங்காத குறையாக வாங்கி வந்தாய். அவளைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, பிள்ளையை அவள் உடம்போடு சேர்த்து ஒரே போர்வையில் சுற்றினாய். நான் ஒரு பெட்ஷீட்டை விரித்துப் பிடித்து, அவர்களுக்கு முதுகு காட்டி மறைப்பாக நின்றேன். கை கடுத்தது. வெகுநேரம் கழித்து "கிளக், கிளக்" என்று மெல்லிய ஒரு சத்தம். "கேக்குதா? முழுங்குது. இப்ப எழுது" என்றாய்.

மறுநாள் யாரோ ஒருவர் நல்ல மனசோடு பால் பவுடர் டின்களை ஏற்றி வந்தார். கரைக்க எந்தத் தண்ணி, புட்டியை எதில் கொதிக்க வைப்பது என்று நீ கேட்டதில் அவர் முகம் சுருங்கிவிட்டது. "குடுக்கறவங்களையுமா சந்தேகப்படுவ?" என்று கேட்டேன். "ஆமா. உன்னையுந்தான்" என்றாய்.

இன்று அந்த மாதிரி டின் ஒன்று உன் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. சாமை அறுக்கப் போன இடத்தில் பாம்பு கடித்து, உன்னை மலையிலிருந்து இறக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளை அப்போது உன் மாமியாரிடம் இருந்தான். அன்றிலிருந்து அவனுக்குப் புட்டிதான். நான் நாலு நாளைக்கு ஒரு முறை மலை ஏறுகிறேன். வெள்ளம் இல்லை, முகாம் இல்லை. ஆனாலும் நமக்குப் பழக்கிய வேலை இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

உன் மாமியார் கெட்டவர் இல்லை. டின் தீர்ந்தால் கீழே போய் வாங்கி வர ஒரு நாள் போய்விடுகிறதே என்று தூளைக் கம்மியாகப் போடுகிறார். நான் போகிற நாளில் பால் கெட்டியாகத்தான் இருக்கிறது, பிள்ளை மட்டும் தேறவில்லை. அது எனக்கு உறுத்தியது. போன முறை அவர் தண்ணீர் எடுக்கப் போனபோது டின்னுக்குள் ஈர்க்குச்சியை விட்டு அளந்து, ஒடித்து என் நோட்டில் வைத்துக்கொண்டேன். நேற்று மறுபடி அளந்தேன். நாலு நாளில் ஒரு விரற்கடை அளவுகூட இறங்கவில்லை.

"அளவாத்தான் போடறீங்களாம்மா?"

"அளவாத்தாம்மா போடறோம். எங்களை இன்னான்னு நெனச்சே?"

குச்சியைக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு ஒன்றைக் கேட்டேன். உன் கொழுந்தன் மனைவிக்கு ஆறு மாதப் பெண் குழந்தை இருக்கிறது, பாலும் நிறைய இருக்கிறது. அவள் பிரசவ அட்டையை இரண்டு முறை பார்த்தேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது. தாய் இல்லாத பிள்ளைக்கு இன்னொரு தாய் பால் கொடுக்கலாம் என்று பயிற்சியில் சொன்னார்களே, அதைத்தான் அவளிடம் கேட்டேன்.

அவள் முடியாது என்று சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "குடுப்பேங்க. ஆனா அது பாத்துக்கினு இருக்கும்" என்றாள்.

"எது?"

"அக்காதான். கோழி முட்டையை நான் எடுத்துட்டேன்னு எட்டு மாசம் எங்கூடப் பேசல. முட்டைக்கே என்னை நம்பாதது, புள்ளைக்கு நம்புமா? நெனச்சாலே பயமா கீதுங்க."

உன் மாமியாரும் சேர்ந்துகொண்டார். "உயிரோட இருந்தப்பவே யாரையும் நம்ப மாட்டா. அவ மனசு வெக்காம இவ மாருல போட்டா ரெண்டு புள்ளைக்கும் ஆவாது. நீ அவ சிநேகிதிதானே? நீயே போய்க் கேளு. அவ ஒத்துக்கினா எனக்கு இன்னா வந்துச்சு?"

உன்னைப் படுக்க வைத்த இடத்துக்குப் போய் நின்றேன். பின்னால் இருவரும் ஆளுக்கொரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டியா?"

"எழுதிக் கேக்கறேம்மா."

உன் மாமியார் என்னை உற்றுப் பார்த்தார். "படிச்ச புள்ள. எழுதிக்கினே வரட்டும், விடு" என்று மருமகளிடம் சொன்னார். அவருக்கு என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

செத்தவர்கள் வந்து நின்று பார்ப்பார்கள் என்று நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் உன் விஷயத்தில் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கூப்பிடாத இடத்துக்கெல்லாம் வந்து எட்டிப் பார்த்தவள்தானே. யார் என்ன சொன்னாலும் போய்த் தொட்டுப் பார்க்கிற அந்தக் குணம் இப்போது என்னிடம் இருக்கிறது. அது என்னோடு இருக்கட்டும். அதனால் பிழைத்த பிள்ளை ஒன்றை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே குணத்துக்குப் பயந்து உன் பிள்ளை பசியோடு கிடப்பதையும் பார்க்கிறேன்.

கேட்க வந்தது இதுதான். அந்த முட்டையை யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவளே எடுத்திருந்தாலும் போகட்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் இந்தத் தாளோடு வருகிறேன். அவள் உன் மகனை மடியில் வாங்குவாள். அவள் பயந்தால் பால் இறங்காது, உனக்கே தெரியும். பக்கத்தில் நான் இருப்பேன். நீ மட்டும் அந்தப் பக்கம் வராதே.