இரவல் பெயர்

நகோயா
1989 செப்டம்பர் 17

அன்புள்ள அக்கா,

தம்பி கிஹோ எழுதுகிறேன். ஓக்ஜாவும் எங்கள் மகள் யூரியும் நன்றாக இருக்கிறார்கள். உன் மணிக்கட்டு வலி குறைந்ததா? பசை நெடியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு செருப்பு ஒட்டாதே என்று எத்தனை தடவை சொன்னாலும் நீ கேட்கப்போவதில்லை.

ஃபோனில் பேசியிருக்கலாம். ஆனால் உன் வீட்டு ஃபோன் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

ஜப்பானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். உடனே கோபப்படாமல் முழுதும் படி. தொண்ணூற்றொன்று மார்ச்சில் யூரிக்குப் பதினாறு வயதாகிறது. இங்கேயே பிறந்து, கொரிய மொழியில் பத்து வார்த்தை தெரியாத பெண், வார்டு அலுவலகத்தில் வெளிநாட்டவள் என்று விரல்ரேகை வைக்கவேண்டும். அதற்குள் இதை முடித்துவிட நினைக்கிறேன்.

சட்ட அலுவலகத்தில் ஹொரிகாவா என்ற அதிகாரியைப் பார்த்தேன். மென்மையாகப் பேசுகிற மனிதர். கேட்கிற தாள்களுக்குத்தான் முடிவே இல்லை. சம்பளச் சான்று, வரிச் சான்று, ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை கையால் வரைந்த வழிப்படம், ஏன் ஜப்பானியனாக விரும்புகிறேன் என்று என் கையெழுத்தில் ஒரு கட்டுரை. வீட்டுக்கு வந்து பார்ப்பார்களாம், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்களாம். எல்லாம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

இவற்றோடு அப்பாவின் குடும்பப் பதிவேடும் வேண்டும். கொரியாவில், அவருடைய ஊரில் இருப்பது. அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லி ஊர் முகவரியை வாங்கி அனுப்பு.

அன்புடன்,
கிஹோ


ஒசாகா
1989 அக்டோபர் 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபப்படவில்லை. யூரிக்காகத்தான் செய்கிறாய் என்பது எனக்குப் புரிகிறது.

காலைச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னேன். நீ ஜப்பானியனாவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நம் கொரியர் சங்கத்தார் காதில் விழுந்தால் என்ன சொல்வார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. "ஊருக்கு எழுதிக் கேப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அன்று முழுவதும் பார்லித் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்திருக்கிறது. தபால்காரர் சைக்கிள் சந்தில் திரும்பினால் பின்கட்டுக்குப் போய்விடுகிறார். யாராவது "தகாயாமா சார்" என்று வாசலில் கூப்பிட்டால் என்னைப் பார்க்கிறார். கோ என்ற நம் குடும்பப் பெயருக்குப் பதிலாக வெளியில் வைத்துக்கொண்ட ஜப்பானியப் பெயர், நாற்பது வருடமாக இந்தத் தெருவில் கேட்டுப் பழகியதுதானே?

முகவரி தர மாட்டேன் என்கிறார். கிஹோ, எனக்கு மனசு சரியில்லை. கொஞ்ச நாள் இதை ஆறப்போடு.

ஓக்ஜாவுக்கு முள்ளங்கிக் கிம்ச்சி அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
யோங்ஹி


நகோயா
1989 நவம்பர் 26

அன்புள்ள அக்கா,

கிம்ச்சி வந்த இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது.

நீ ஆறப்போடச் சொன்னாய். என்னால் முடியவில்லை. அப்பாவின் வெளிநாட்டவர் அட்டையின் நகல் என்னிடம் இருந்தது, அதில் சொந்த ஊர் இருந்தது. தூதரகம் மூலமாக எழுதிப் போட்டேன். போன வாரம் பதிவேடு வந்தது.

மொழிபெயர்த்து வாங்கி ஹொரிகாவாவிடம் கொண்டுபோனேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"தகாயாமா சார், இதுல உங்க அம்மா பேரு இல்ல. உங்க பேரும் உங்க அக்கா பேரும் இல்ல. உங்க அப்பா கோ சாங்னாமுக்கு வேற ஒரு மனைவி இருக்காங்க. நாப்பத்தெட்டாம் வருஷம் டிசம்பர்ல பிறந்த ஒரு மகனும் இருக்காரு. இது யாருன்னு தெரியுமா?"

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அம்மா கடைசி வரை தான்தான் முதல் மனைவி என்று நம்பிப் போய்ச் சேர்ந்தாள். ஊரில் பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு வந்து, இங்கே ஒன்றும் நடக்காததுபோல் நம்மை வளர்த்தாரா? அந்தப் பையன் பெயர் வொன்சிக். அடுத்த மாதம் நாற்பத்தோரு வயதாகிறது. நமக்கு ஒரு அண்ணன், அக்கா. நீயே அப்பாவிடம் கேள். நான் கேட்டால் மரியாதை கெட்டுவிடும்.

கிஹோ


ஒசாகா
1989 டிசம்பர் 19

தம்பி கிஹோவுக்கு,

இதைப் படித்ததும் அடுப்பில் போடு. ஓக்ஜாவிடமும் காட்டாதே.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா செருப்பின் அடிப்பாகங்களை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஊரில் அவருக்கு ஒரு மனைவி இருக்கிறாளா என்று நேராகவே கேட்டேன்.

"அது சாங்னாமோட பொண்டாட்டி" என்றார்.

"நீங்கதானேப்பா சாங்னாம்?"

"என் பேரு இன்சு. யாங் இன்சு."

கையிலிருந்த வேலையை அவர் நிறுத்தவில்லை. அடுக்கிக்கொண்டே சொன்னார்.

நாற்பத்தெட்டாம் வருடக் குளிர்காலத்தில், அவர்கள் பிறந்த தீவில், கலகக்காரர்களைத் தேடுகிறோம் என்று மலையடி ஊர்களையெல்லாம் கொரிய ராணுவம் கொளுத்திக்கொண்டு வந்தது. அப்பாவும் சாங்னாமும் ஒரு குகையில் ஒளிந்திருந்தார்கள். சாங்னாம் போர்க்காலத்தில் ஒசாகாவில் வேலை செய்தவர். கர்ப்பிணி மனைவியைப் பார்க்க வந்த இடத்தில் மாட்டிக்கொண்டார். ஜப்பானியப் பதிவு அட்டை அவரிடம் இருந்தது, புகைப்படம் ஈரத்தில் அழிந்திருந்தது. திரும்பிப் போக ஒரு படகில் இடம் பிடித்திருந்தார். ஒரே ஒரு ஆளுக்கான இடம். புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் குழந்தை பிறந்த செய்தி வந்தது. துணி மூட்டையையும் அட்டையையும் அப்பாவிடம் கொடுத்து, "விடியறதுக்குள்ள வந்துருவேன், கரையில நில்லு" என்று ஊருக்குள் இறங்கிப் போனார்.

அப்பா கரையில் நின்றார். வெளுக்கத் தொடங்கியது. படகுக்காரன் பெயர் கேட்டான். கோ சாங்னாம் என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

"அவர் வரவே இல்லையா?" என்று கேட்டேன். அப்பா இன்னொரு ஜோடியை எடுத்து அடுக்கினார். பிறகு சொன்னார்: "படகு நகர்ந்த பிறகு கரையில யாரோ ஓடியாந்து கூப்பிட்டாங்க. நான் திரும்பிப் பாக்கல."

அவருக்கு என்ன ஆனது என்று அப்பாவுக்குத் தெரியாது. அவர் மகன் பிழைத்தான் என்பதே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள். இது வெளியே தெரிந்தால் அப்பா கள்ளத்தனமாகக் குடியேறியவர். அறுபத்தெட்டு வயதில் அவரை எங்கே அனுப்புவார்கள்? முக்கியமாக அந்த வொன்சிக்குக்கு எதுவும் எழுதிவிடாதே. உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன்.

யோங்ஹி


நகோயா
1990 மார்ச் 4

அக்காவுக்கு,

இரண்டு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

உன் கடிதம் வருவதற்கு ஒன்பது நாள் முன்பே வொன்சிக்குக்கு எழுதிவிட்டேன். அப்பா உயிரோடு ஒசாகாவில் இருக்கிறார், நான் உங்கள் தம்பி, நாம் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் எனக்கு உதவியாக இருக்கும் என்று. ஹொரிகாவா அப்படி ஒரு தாள் கேட்டிருந்தார்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு இன்னொன்று எழுதி உண்மையைச் சொல்லியிருக்கலாம். எழுதவில்லை. ஜனவரியில் அவருடைய பதில் வந்தது. கையெழுத்தும் முத்திரையும் போட்ட தாள் உள்ளே இருந்தது. கடிதத்தில், நாற்பது வருடமாக அவர் அம்மா ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு சோற்றுக் கிண்ணத்தைத் தனியாக எடுத்து வைத்ததாகவும், போன வருடம் இறக்கும் வரை அப்பாவுக்குத் திதி கொடுக்க விடவில்லை என்றும் எழுதியிருந்தார்.

அந்தத் தாளை நான் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

தெரிந்தேதான் கொடுத்தேன். என்னைப் பற்றி நீ நினைப்பது எதுவாக இருந்தாலும் சரி. என் கோப்பு இப்போது டோக்கியோவுக்குப் போய்விட்டது. இன்னும் சில மாதம் பொறுத்தால் யூரி தப்பித்துவிடுவாள்.

இப்போது கொரியாவில் யார் வேண்டுமானாலும் பாஸ்போர்ட் எடுக்கலாமாம். வொன்சிக் வருகிறார். ஏப்ரல் எட்டாம் தேதி ஒசாகாவில் இறங்குகிறார், இரண்டு நாள் தங்குவார். உன் முகவரியைக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா, அவர் தகப்பனைப் பார்த்ததே இல்லை. முகம் தெரியாது. இரண்டு நாள், இரண்டே நாள் அப்பா அவருக்கு அப்பாவாக இருந்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அவருக்கும் ஒரு நிம்மதி. அப்பாவிடம் சொல்.

கிஹோ


ஒசாகா
1990 ஏப்ரல் 21

கிஹோவுக்கு,

உன் கடிதத்தை அப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. முடிவெட்டிக்கொண்டு வந்தார். அம்மாவின் துக்கத்துக்கு உடுத்திய கறுப்புக் கோட்டை வெயிலில் போட்டார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. நீ கேட்டபடியே செய்துவிடுவாரோ என்றுதான் பயந்தேன்.

வொன்சிக் எட்டாம் தேதி பிற்பகல் வந்தார். ஒல்லியான மனிதர், பள்ளி வாத்தியார். கருவாட்டுப் பொட்டலமும் அவர் அம்மாவின் படமும் கொண்டுவந்திருந்தார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்து, தரையில் நெற்றி பட விழுந்து "அப்பா" என்றார். எழுந்திருக்கவே இல்லை.

அப்பாவும் அவருக்கு எதிரே நெற்றியைத் தரையில் வைத்தார். மகனுக்கு எந்தத் தகப்பனும் அப்படிச் செய்வதில்லை. வொன்சிக் அதைப் பார்த்துத்தான் நிமிர்ந்தார்.

"நான் உன் அப்பா இல்ல. உன் அப்பாவக் கரையில விட்டுட்டு வந்தவன்" என்றார் அப்பா.

முழுவதையும் சொன்னார். என்னிடம் சொன்னதைவிட அதிகமாகச் சொன்னார். கடைசியில் வொன்சிக் ஒன்றே ஒன்று கேட்டார்.

"என்ன சொல்லிக் கூப்பிட்டாரு?"

"இன்சுன்னு. என் பேரச் சொல்லித்தான்."

நான் வைத்த சோற்றை வொன்சிக் தொடவில்லை. அப்பாவைத் திட்டவும் இல்லை. வாசலில் நின்று, "எங்கப்பா பேரு எனக்குத் திரும்ப வேணும். நீங்க அதுல உயிரோட இருக்கற வரைக்கும் அவருக்கு நான் திதி குடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். கிஹோ, நீ வாங்கிய தாளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மறுநாள் காலை அப்பா கறுப்புக் கோட்டோடு குடிவரவு அலுவலகத்துக்குப் போய்த் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். நான் கூடப் போனேன். இன்சு என்பதற்கு இரண்டாம் எழுத்தை எப்படி எழுதுவது என்று கொஞ்சம் யோசித்தார். அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். விசாரணைக்கு அழைப்பார்களாம். அதுவரை வார்டைத் தாண்டிப் போகக்கூடாது. ஒரு பையில் இரண்டு சட்டையும் மாத்திரையும் எடுத்துவைத்து வாசலருகே வைத்திருக்கிறார். நான் உள்ளே எடுத்து வைத்தால் மறுபடி அங்கேயே கொண்டுவந்து வைக்கிறார். ஆனால் இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

நானும் நீயும் கோ சாங்னாமின் பிள்ளைகள் என்றுதான் எல்லாத் தாளிலும் இருக்கிறது. அதையும் கேட்பார்கள். உன் விண்ணப்பம் என்னாகும் என்று எனக்குத் தெரியாது.

நான் எழுதும்வரை வராதே. ஃபோனும் செய்யாதே, அது அப்பாவின் தலைமாட்டில்தான் இருக்கிறது.

யாங் யோங்ஹி


நகோயா
1991 மார்ச் 27

அன்புள்ள அக்கா,

இது ஐந்தாவது கடிதம். முன்பு எழுதிய நாலும் திரும்பி வரவில்லை, அதனால் உன் கைக்குக் கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். விசாரணை மூன்று முறை தள்ளிப்போனதாக உன் பக்கத்து வீட்டு ஹான் அம்மா ஓக்ஜாவிடம் சொன்னாளாம். அதற்கு மேல் சொல்ல மறுத்துவிட்டாளாம்.

வொன்சிக் கொடுத்த தாள் பொய்யென்று நானே ஹொரிகாவாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. கோப்பைக் கட்டி என்னிடம் திருப்பித் தந்தார். அப்பாவின் விஷயம் முடிந்தபிறகு, சரியான பெயரில், முதலிலிருந்து தொடங்கலாம் என்றார்.

நேற்று யூரியை வார்டு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். அழவில்லை. விண்ணப்பத் தாளில் பேனாவை வைத்தவள் முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டாள். "அப்பா, எந்தப் பேரு எழுதணும்?" என்று கேட்டாள்.

பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். நான் அவளுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும், அக்கா? ஒரு வரி எழுது.

கிஹோ