மாவுக்கட்டு போட்ட குங்ஃபூ மாஸ்டர்

அன்புள்ள அப்பாவுக்கு,

தைவானிலிருந்து இளமதி வணக்கத்துடன் எழுதுகிறேன். சிதம்பரத்தில் மழை விட்டதா? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

ஒரு வாரமாக நான் வீடியோ காலில் வராததற்குக் காரணம் படிப்பு இல்லை. எங்கள் பல்கலைக்கழக விழாவில் ஆளுக்கொரு நிகழ்ச்சி செய்யச் சொன்னார்கள். நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துச் சிரிக்கும் பழைய குங்ஃபூ படங்களின் தமிழ் டப்பிங்கைக் கிண்டல் செய்து ஒரு ராப் பாட்டு கட்டினேன்.

"குருவக் கொன்னவன் எங்கடா? குறிஞ்சிப்பாடி பஸ்ல தூங்குறான்டா!"

இப்படிப் பாடிக்கொண்டே பறந்து உதைக்கப் போய், மேடையிலேயே விழுந்துவிட்டேன். எல்லோரும் நடிப்பு என்று நினைத்து எழுந்து கைதட்டினார்கள். வலது மணிக்கட்டில் சின்ன விரிசல்தான், மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். இடது கையால் எழுதுவதால்தான் எழுத்து இப்படிக் கோணுகிறது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இதுவரை என்னோடு பேசாதவர்கள்கூட இப்போது என்னை "மாஸ்டர்" என்று கூப்பிடுகிறார்கள். பக்கத்து அறை மெய்லின் பாட்டைக் கற்றுத்தரச் சொல்கிறாள். குறிஞ்சிப்பாடிதான் அவள் வாயில் நுழையவில்லை.

அப்பா, ஒரு சின்ன உதவி. படம் பார்க்கும்போது நீங்கள் பேசுவதைப் பதிவு செய்து அனுப்புங்கள். "இரு புள்ள, அவன் சாவ மாட்டான், இன்னும் ரெண்டு ஃபைட்டு பாக்கி இருக்கு" என்று சொல்ல இங்கே ஆளில்லை. தனியாகப் பார்த்தால் சிரிப்பே வருவதில்லை.

மெய்லின் எனக்குத் தலை பின்னிவிட வந்து நிற்கிறாள். ஒற்றைக் கையால் என்னால் பின்ன முடியாது என்று, யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டாளாம். முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
இளமதி